வயிறு கீறாத மீன்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முஸ்தாலம்பிக் குளத்தின் கரையில், அப்பாவைத் தேடி வந்த அனிக்கி முதலில் பார்த்தது அவர் தொப்பியை. குனிந்து எடுத்தாள். அது கல்லாக உறைந்திருந்தது. நிமிர்ந்தபோது அப்பாவைப் பார்த்தாள்.

ரெய்னோ முகம் குப்புறக் கிடந்தார். இடுப்புவரை தண்ணீரில், கால்கள் மட்டும் பாசிமெத்தையின் மேல். இரவெல்லாம் குளத்தின் மீது படர்ந்த மெல்லிய பனித்தகடு அவர் தோளைச் சுற்றிச் சீராகப் பிடித்திருந்தது. எட்டு மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அனிக்கி ஊர்வரை நடந்தே வந்தாள். காவலர் ஹில்காவின் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, அப்பா எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்று மட்டும் சொன்னாள்.

பத்தரை மணிக்கு நகரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் லேத்தோவாரா வந்து சேர்ந்தார். பளபளக்கும் காலணியோடு சதுப்புக்குள் இறங்கி, நாலாவது அடியில் முழங்கால்வரை புதைந்து, ஊரையும் ஊர்க்காரர்களையும் வாய்க்குள்ளேயே திட்டினார். ஹில்கா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்த ஊரில் பதினாறு வருடமாகக் காவலர் வேலை பார்ப்பவள் அவள். இதற்குமுன் அவள் விசாரித்த பெரிய வழக்கு, காணாமல் போன ஒரு படகு மோட்டார்.

"வழுக்கி விழுந்திருப்பாரா?" என்றார் லேத்தோவாரா.

"பின்மண்டையில அடி சார். முன்னால விழுந்தவருக்குப் பின்னால எப்படி அடிபடும்?"

அடி ஒன்றுதான். உருண்டையான, கனத்த கட்டையால் விழுந்தது. காயத்தைச் சுற்றி முடியில் ஏதோ பிசுபிசுப்பாக ஒட்டி உறைந்திருந்தது. நேற்று மாலை நான்கு மணிக்கு மேல் பெய்த பனி, காலடித் தடங்களை எல்லாம் மூடிவிட்டது. தூண்டில் கழி கரையில் கிடந்தது. அதன் நுனியில் மீனை ஏமாற்ற ரெய்னோ தானே செய்த தகரக் கரண்டி, அதில் மூன்று முள் கொண்ட கொக்கி. ஹில்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றில் ஒரு முள்ளின் நுனி இல்லை. உடைந்த இடம் துருவேறாமல் புதுசாக மின்னியது.

பிர்ச் மரப்பட்டையில் பின்னிய மீன்பை பக்கத்திலேயே இருந்தது. கையை உள்ளே விட்டாள். காலி. ஆனால் விரல்களில் வழவழவென்று மீனின் கோழை ஒட்டியது.

"மீன் எங்க?" என்றாள்.

"எந்த மீன்?"

"பையில ஒண்ணு இருந்திருக்கு. பெரிசாவே இருந்திருக்கு. இப்ப இல்ல."

"நரி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"நரின்னா பையைக் கிழிச்சிருக்கும் சார். இது அழகா மூடி வெச்சிருக்கு."

லேத்தோவாராவின் கவனம் ஈரக் காலுறையில் இருந்தது.

முஸ்தாலம்பியைப் பற்றி ஊரில் யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. தேயிலைச் சாயம் போலக் கறுத்த தண்ணீர். வாத்துகூட அங்கே குஞ்சு பொரிக்காது. பொரித்தாலும் குஞ்சுகள் தண்ணீருக்குள் இழுபட்டுப் போகும். ரெய்னோவின் அப்பா ஒரு காலத்தில் பெரிய ஏரியிலிருந்து ஹௌகி மீன்களைப் பிடித்து இந்தக் குளத்தில் விட்டார். வீட்டுப் பக்கத்திலேயே மீன் கிடைக்குமே என்ற ஆசை. ஹௌகிக்கு நீண்ட மூக்கு, வாயெல்லாம் ஊசி. அவை குளத்தில் இருந்த மற்ற மீன்களை ஒன்று விடாமல் தின்று தீர்த்தன. பிறகு தின்ன எதுவும் இல்லை. சிறிய ஹௌகி தும்பிப் புழுவைத் தின்னும். பெரிய ஹௌகி சிறிய ஹௌகியைத் தின்னும். அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. தலை பெருத்து உடம்பு வற்றிய மீன்கள். ரெய்னோ ஒருவர்தான் அங்கே தூண்டில் போடுவார். "பாவம், அதுங்களும் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே" என்பார்.

குளமும் சுற்றியுள்ள சதுப்பும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுச்சொத்து. அண்ணன் அர்வோ, தம்பி ரெய்னோ. சதுப்பைத் தோண்டி, காயவைத்து எரிக்கும் எரிமண் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. அர்வோ கையெழுத்துப் போட்டுவிட்டார். ரெய்னோ மாட்டேன் என்றார். தோண்டினால் கறுப்புத் தண்ணீர் ஓடை வழியே பெரிய ஏரிக்குள் இறங்கும், முயிக்கு மீன் முட்டையிடும் மணல் மேடெல்லாம் சேற்றில் மூடிப்போகும், ஊரே பட்டினி கிடக்கும் என்றார். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் கம்பெனி மண்வெட்டியைத் தொட முடியாது.

இதில் வேடிக்கை, அந்தக் கம்பெனியில் மண்தோண்டி ஓட்டுபவன் ரெய்னோவின் சொந்த மருமகன். அனிக்கியின் புருஷன் தானெலி. சனிக்கிழமை கடைவாசலில் நாலு பேர் முன்னால் மாமனாரைப் பார்த்து, "நீங்க செத்தாத்தான் எனக்கு வேலை!" என்று கத்தியிருந்தான்.

"இது போதுமே" என்றார் லேத்தோவாரா.

பன்னிரண்டு மணிக்குக் கடையின் பின்னறையில் தானெலியை விசாரித்தார்கள்.

"நேத்து மத்தியானம் எங்க இருந்த?"

"சதுப்புல. அளவுக் குச்சி நட்டுக்கிட்டு இருந்தேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"மாமனாரைப் பாத்தியா?"

"தூரத்துல பாத்தேன். குளத்தங்கரையில தூண்டிலோட நின்னாரு. சனிக்கிழமை பேசுனதுக்கு மன்னிப்புக் கேக்கலாமான்னு யோசிச்சேன்."

"கேட்டியா?"

"இல்ல." தானெலி தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்குக் கேட்டுக்கலாம்னு வந்துட்டேன்."

லேத்தோவாரா ஹில்காவைப் பார்த்தார். கிடைத்துவிட்டான் என்று அந்தப் பார்வை சொன்னது. மூன்று மணிக்கு இவனை நகரத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று அறிவித்தார். வெளியே பெஞ்சில் அனிக்கி உட்கார்ந்திருந்தாள். காலையில் அப்பா போனார், சாயங்காலம் புருஷனும் போகப்போகிறான். அவள் அழவில்லை என்பதுதான் ஹில்காவைக் கலக்கியது.

அனிக்கியின் தோளில் கை வைத்து நின்றது பெரியப்பா அர்வோ.

"நீ எங்க வீட்டுக்கு வந்துடும்மா" என்றார். "பெரியப்பா இருக்கேன்ல."

முறைப்படி அவரையும் கேட்டாக வேண்டும். லேத்தோவாரா அரைமனதோடு கேட்டார்.

"நேத்து மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

"ஏரியில. ஓடைமுனை வளைகுடாவுல வலை எடுக்கப் போனேன். முயிக்கு ரொம்பச் சிக்கல. ஒரு ஹௌகிதான் வலையில சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு."

"யாராவது பாத்தாங்களா?"

அர்வோ சிரித்தார். வருத்தமான, நல்ல சிரிப்பு. "அந்த ஹௌகி எங்க போச்சுன்னு இந்த ஹில்காவையே கேளுங்க."

ஹில்கா தலையாட்டினாள். "அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்தாரு சார். வயிறு கீறாம முழுசா, ஈரம் சொட்டச் சொட்ட. கொஞ்சம் கறுப்பா இருந்துச்சு. ஓடைமுனையில தண்ணி கறுப்பு, அங்க பிடிக்கிற மீன் அப்படித்தான் இருக்கும். ஆளு ஒல்லி, தலை மட்டும் பெரிசு."

"நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேனாவா? நானே அறுத்தேன், நானே வெண்ணெயில வறுத்தேன், நானே தின்னேன். மகா கோபக்கார மீனு. வயித்துல தன் சொந்தக் குஞ்சும் நாலு தும்பிப் புழுவும். குடலைப் பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

லேத்தோவாரா முகத்தைச் சுளித்து, பேனாவை மூடினார். காவலரே சாட்சி. இதைவிட என்ன வேண்டும்?

அவர்கள் ஊரான கூசிலாத்தியில் மீன் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கொடுக்கும் மீனை முழுசாகத்தான் கொடுக்க வேண்டும். வயிற்றைக் கீறிக் கொடுத்தால் ஈரலையும் சினையையும் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டான் என்று பொருள். அப்படிக் கொடுத்தவனோடு ஒரு வருடம் யாரும் சானா என்னும் நீராவிக் குளியல் அறையில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். முழு மீனை வாங்கிக்கொண்டவருக்கும் கடமை உண்டு. அன்றைக்குக் கொடுத்தவரோடு சண்டை கூடாது. பழைய பகை எதுவானாலும் அன்றோடு சரி.

அர்வோ அவளுக்குப் பக்கத்து வீடு. குளிர்காலத்தில் அவள் எழுந்திருக்கும் முன்பே அவள் வாசல் பனியை அள்ளிவிட்டுப் போகிறவர். விறகு பிளந்து கொடுப்பார். கணவன் இறந்துபோன வருடம் அவள் பேசாமல் கிடந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் சூப் கொண்டுவந்து வைத்தவர். அப்படிப்பட்ட மனிதர் நீட்டிய மீனை யார் சந்தேகத்தோடு வாங்குவார்கள்?

ஒன்றரை மணிக்கு ஹில்கா படகுத்துறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. மனசு சரியில்லாதபோது கால் போகும் இடம் அது. சூரியன் அதற்குள் மரங்களுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. வானம் ஈயம் போலத் தாழ்ந்து கிடந்தது. ஏரிக்கரை முழுக்கப் பெட்டிகள். முயிக்கு முட்டையிட மேட்டுக்கு ஏறும் வாரம் அது. ஆள் கிடைத்த வீட்டில் எல்லாம் வலை இறக்கியிருந்தார்கள். விரல் நீள வெள்ளி மீன்கள் பெட்டிகளில் நெளிந்தன.

லெம்பி தன் பலகையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். ஊரிலேயே நீளமான நாக்கு அவளுக்கு.

"என்ன போலீசம்மா, கொலைகாரனைப் பிடிச்சாச்சாம்? அந்தப் பையன் ஈயைக்கூட நகத்தால நசுக்க மாட்டான். போன கோடையில அவன் வண்டி முன்னாடி முயல் குட்டி வந்துச்சுன்னு அரைநாள் வேலையை நிறுத்துனவன்."

"இன்ஸ்பெக்டர் பிடிச்சிருக்காரு, லெம்பி."

"அவரு செருப்புக் காஞ்சிடுச்சா?"

ஹில்கா சிரிக்க முயன்றாள். லெம்பி தன் வலையில் சிக்கிய ஒரு ஹௌகியை இழுத்துப் பலகையில் போட்டு, கழுத்திலிருந்து வால்வரை ஒரே கீறாகக் கீறினாள். வயிறு திறந்ததும் முயிக்கு மீன்கள் சரிந்து விழுந்தன. சில அப்போதுதான் விழுங்கியவை போல இன்னும் மின்னின.

"பாரு தின்னிப் பண்டாரத்தை!" என்றாள் லெம்பி. "பத்தாவது ஹௌகி இது. எல்லாத்துக்கும் இதே வயிறுதான். இந்த வாரம் ஏரியில எவனுக்கும் பசி இல்ல. வாயைத் தொறந்தா முயிக்கு தானா உள்ள போகுது. ஒல்லி ஹௌகின்னு ஒண்ணு இந்தத் தண்ணியில இருந்தா கொண்டா, நான் வலையைத் தின்னுறேன்."

ஹில்கா பலகையில் கிடந்த வெள்ளி மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"லெம்பி, ஓடைமுனையிலயும் இப்படித்தானா?"

"இது அங்க பிடிச்சதுதான்டி!"

ஹில்கா ஓடினாள்.

வீட்டு விறகுக் கொட்டகையில் மீன் குடல் வாளி இருந்தது. நரிப்பொறிக்கென்று சேர்த்து வைப்பது. நேற்றையது மேலாகவே உறைந்து கிடந்தது. கோடாரி முனையால் பெயர்த்து அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். பூனை மேசைமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தது. ஒரு சின்ன ஹௌகி. நான்கு தும்பிப் புழுக்கள். அந்தச் சின்ன ஹௌகியின் வயிற்றையும் கீறினாள். அதற்குள்ளும் தும்பிப் புழுக்கள்தான். வெள்ளியாக ஒரு செதில்கூட இல்லை.

தின்ன வேறு எதுவும் இல்லாத இடத்தில் வாழ்ந்த மீன். ஊருக்கே தெரியும் அப்படி ஓர் இடம் எது என்று. மீனை அறுத்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள், நேற்று அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வைத்தாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. பெரிய ஹௌகி கிடைத்தால் தலையைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. நேற்றையதையும் மாட்டியிருந்தாள். விளக்கைத் தூக்கிப் பிடித்து அதன் வாயைப் பிளந்தாள். மேல்தாடையின் உட்புறம், ஊசிப் பற்களுக்கு நடுவே, எந்தப் பல்லுக்கும் இல்லாத மினுக்கம் ஒன்று. இடுக்கியால் இழுத்தாள். இரும்பு. கொக்கி முள்ளின் நுனி.

வலையில் சுற்றிக்கொண்ட மீன் என்று அர்வோ சொன்னாரே.

இரண்டே முக்கால் மணிக்குக் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். "சார், தானெலியை வண்டியில ஏத்திட்டீங்களா?"

"ஏத்திட்டேன். ஏன்?"

"அவனையும் கூட்டிக்கிட்டு அர்வோ வீட்டுக்கு வாங்க. ரெய்னோவோட தூண்டிலையும் எடுத்துக்கிட்டு வாங்க. காணாமப் போன மீன் கெடைச்சிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

"என் வயித்துல சார்."

அர்வோவின் சமையலறை கதகதப்பாக இருந்தது. அனிக்கி மேசையருகே இருந்தாள். அர்வோ அவளுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஹில்கா உள்ளே வந்து நின்றாள். கையுறையைக் கழற்றவில்லை. லேத்தோவாராவும் தானெலியும் பின்னாலேயே வந்தார்கள். அனிக்கி எழுந்து புருஷனிடம் போனாள்.

"அர்வோண்ணே, உங்க மீன்கட்டை எங்க?"

மீனின் தலையில் அடித்துக் கொல்லும், எப்போதும் மீன் கோழை ஒட்டியிருக்கும் உருண்டைக் கட்டை. ஒவ்வொரு வீட்டிலும் வாசல் ஆணியில் தொங்கும். அர்வோ வீட்டு ஆணி காலியாக இருந்தது.

"தொலைஞ்சு போச்சும்மா. படகுலேந்து விழுந்திருக்கும்."

"எந்தப் படகு? நேத்து நீங்க ஏரிக்கே போகலையேண்ணே."

காபிப் பாத்திரத்தை அவர் மெல்ல அடுப்பில் வைத்தார்.

"மீனைக் குடுத்தேனே."

"குடுத்தீங்க. இந்த வாரம் ஏரியில பிடிச்ச ஹௌகி ஒவ்வொண்ணும் முயிக்குவைத் தின்னு வெடிக்கிற மாதிரி இருக்கு. உங்க மீன் வயித்துல ஒரு முயிக்கு இல்ல. சொந்தக் குஞ்சு, தும்பிப் புழு. குஞ்சோட வயித்துலயும் புழுதான். அப்படிச் சாப்பாடு கெடைக்கிற தண்ணி நம்ம ஊர்ல ஒண்ணே ஒண்ணு. அது முஸ்தாலம்பி."

"ஹௌகி எது வேணாலும் திங்கும்" என்றார் அர்வோ. குரலில் இன்னும் நடுக்கம் இல்லை.

ஹில்கா காகிதத்தைப் பிரித்து இரும்பு நுனியை மேசையில் வைத்தாள். லேத்தோவாரா தூண்டிலை நீட்டினார். உடைந்த முள்ளில் அந்த நுனியை அவள் வைத்தாள். நுனி இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

"இது உங்க மீனோட தாடையில இருந்துச்சு. வலையில சிக்குன மீனுக்குக் கொக்கி எப்படி வந்துச்சு? ரெய்னோ பையில இருந்த மீனை எடுத்துட்டு வந்து, ஏரியில இருந்தேன்னு காட்டுறதுக்கு என்கிட்ட குடுத்தீங்க. போலீசே சாட்சின்னா யாரு கேக்கப்போறா? குடலை எடுத்துட்டுக் குடுத்திருந்தா இன்னிக்குத் தானெலி நகரத்துச் சிறையில இருந்திருப்பான். ஆனா அதை உங்களால செய்ய முடியல. வயிறு கீறுன மீனை நீட்ட உங்களுக்குக் கை வரல."

அடுப்பில் விறகு முறிந்தது.

"நான் அவன் பையைத் தொடல" என்றார் அர்வோ கடைசியில். நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "கையெழுத்துப் போடுடான்னு கெஞ்சத்தான் போனேன். அவன் மீனை எடுத்து நீட்டுனான். 'எடுத்துட்டுப் போண்ணே, முழு மீனு. சண்டை போதும். ஆனா கையெழுத்து மட்டும் கேக்காதே'ன்னான். நான் வாங்கிக்கிட்டேன்."

"வாங்கிக்கிட்டு?" என்றார் லேத்தோவாரா.

"அவன் தூண்டிலை எடுக்கத் திரும்புனான். கட்டை இடுப்புலயே இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே திரும்புனான். கையெழுத்துக் கெடைக்காதுன்னு சொன்ன அந்தச் சிரிப்புத்தான். அடிச்சுட்டேன்."

வாங்கிக்கொண்டவர் சண்டை போடக் கூடாது. வயிறு கீறாமல் கொடுக்கும் முறையைக் காத்தவர், அதைவிடப் பெரிய முறையை அந்தக் குளத்தங்கரையிலேயே உடைத்துவிட்டு வந்திருந்தார். தன் வாசல் பனியை அள்ளிய அதே கைகளை ஹில்கா பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலங்கை எடுத்தாள்.

அனிக்கி அருகில் வந்தாள். பெரியப்பாவை அவள் பார்க்கவே இல்லை.

"அக்கா, அது அப்பா குடுத்த மீனா?"

"ஆமாம்மா."

"அப்பா கடைசியாப் பிடிச்சது."

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்ல ஹில்காவுக்கு நா எழவில்லை. "நல்லா இருந்துச்சு" என்றாள்.

அனிக்கி தலையாட்டினாள். அன்று முதன்முறையாக அழுதாள். தானெலி அவளைப் பிடித்துக்கொண்டான். வெளியே மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. லேத்தோவாராவின் வண்டி அர்வோவை ஏற்றிக்கொண்டு நகரத்துச் சாலையில் போனது.